விட்டு வச்ச முட்டை

முதல்ல தப்புப் பண்ணவன் உத்திராபதி. இதை மட்டும் மனசுல முடிஞ்சு வச்சிக்கங்க தம்பி, அப்புறம் மத்ததைக் கேளுங்க. ஊருக்குள்ள எறங்கினா டீக்கடையில ஒரு கதை சொல்லுவாங்க, கோயில் வாசல்ல ஒரு கதை சொல்லுவாங்க. அத்தனை பேரும் கடைசியில இருந்துதான் ஆரம்பிப்பாங்க. கை போனதிலிருந்து ஆரம்பிப்பாங்க. கை போனது கடைசி. முதல்ல என்ன நடந்துச்சுன்னு ஒருத்தன் சொல்ல மாட்டான்.

பஸ்ஸு குலுங்கும், நல்லா உள்ள தள்ளி உக்காருங்க. பையை மடியில வச்சிக்கங்க. என்ன, ஜன்னலுக்கு மேல செவப்பா என்னமோ எழுதியிருக்கேன்னு பாக்குறீங்களா? எழுதியிருந்தா இருக்கட்டும். நான் ரெண்டாங்கிளாஸ்ல வாத்தியாரு கம்பைப் புடுங்கி ஒடிச்சுப் போட்டுட்டு வந்தவன். எனக்கு எழுத்தும் எறும்பும் ஒண்ணுதான். சீட்டு காலியா கிடந்துச்சு, உக்காந்தேன்.

முதலை பாக்கத்தானே போறீங்க? காமிராவைப் பாத்தாலே தெரியுது. இப்ப எல்லாரும் அதுக்குத்தான் எங்க கீழப்படுகைக்கு வர்றாங்க. வந்து கரையில நின்னு, 'ஆகா, எவ்வளவு பெருசு'ன்னுட்டு, உத்திராபதி எங்கேன்னு விசாரிப்பாங்க. இந்தப் பக்கிரிசாமி எங்கேன்னு ஒருத்தன் கேட்டதில்ல. கேட்டாத்தானே நானும் சொல்லலாம்?

உத்திராபதி எனக்குப் பங்காளி. சித்தப்பா மகன். கொள்ளிடத்துல என் துறைக்கு அடுத்த துறை அவன் துறை, நடுவுல ஒரு நாணல் புதர்தான். கோடையில தண்ணி ஒதுங்குச்சுன்னா மணல்ல நான் வெள்ளரி போடுவேன். எங்கப்பா காலத்துல இருந்து அந்த மணல்ல நாங்கதான் வெள்ளரி போடுறோம். அவன் ரெண்டு எருமையை வச்சிக்கிட்டு அந்தப் பக்கம் கிடப்பான். வம்பு தும்பு கிடையாது. எல்லாம் அந்தப் பச்சைச் சட்டை வர்ற வரைக்குந்தான்.

பாரஸ்ட்காரங்க பள்ளிக்கூடத்துல மீட்டிங் போட்டாங்க. ஆத்து முதலை கொறைஞ்சு போச்சாம், முட்டையைத் தோண்டித் தின்னுடுறாங்களாம், வலையில மாட்டினா அடிச்சுக் கொன்னுடுறாங்களாம், ஊர்ல ஒருத்தர் கண்காணிச்சா நல்லதாம். யாரு பாத்துக்கிறீங்கன்னாங்க. எல்லாரும் கூரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம், இவன் கையைத் தூக்கிட்டான். அந்தக் கையைத்தான். ஒரு பச்சைச் சட்டை, ஒரு விசில். அவ்வளவுதான் கொடுத்தாங்க. ஆனா அதை மாட்டிக்கிட்டு அவன் நடந்த நடையைப் பாக்கணுமே! கலெக்டர் தோத்தாரு.

முதலைக்குப் பேரு வச்சான் தம்பி. செல்லாச்சி. கேட்டிருக்கீங்களா எங்கேயாச்சும்? 'செல்லாச்சி வெயில் காயுது, அந்தப் பக்கம் போகாதீங்க'ன்னு விசில் அடிப்பான். பொம்பளைங்க குளிக்கிற துறையை மேற்கே மாத்தினான். தண்ணிக்குள்ள மூங்கில் நட்டுத் தட்டி கட்டினான். இத்தனை வருஷத்துல ஒரு ஆடு மாட்டைக்கூட அது தொடலன்னு பெருமை அடிப்பான். தொடலன்னா அது முதலையோட நல்ல குணம். இவன் என்ன, அதுக்கு வாயைக் கட்டினானா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஒரு மாசியில செல்லாச்சி என் வெள்ளரிப் பாத்தியில ஏறி முட்டை வச்சிடுச்சு. இவ்வளவு நீள ஆத்துல அதுக்கு வேற எடமா கிடைக்கல? காலையில போறேன், உத்திராபதி எனக்கு முன்னாடி அங்க நிக்கிறான். கையைக் கூப்பிக்கிட்டு நிக்கிறான், சாமி வந்தவன் மாதிரி. 'அண்ணே, ஒன்னோட பாத்தியைத் தேடி வந்திருக்குண்ணே, நீ கொடுத்து வச்சவன்'ங்கிறான். மத்தியானத்துக்குள்ள ரேஞ்சர் வந்தாச்சு. நாய், கீரி, மனுஷன் எதுவும் அண்டாம சுத்தி வேலி, தண்ணிப் பக்கம் மட்டும் தொறப்பு, அது வந்து போக. பாதி வெள்ளரி வேலிக்கு உள்ள மாட்டிக்கிச்சு.

'ரெண்டு மாசந்தாண்ணே. வைகாசியில குஞ்சு எறங்கிட்டா வேலியை நானே புடுங்கித் தந்துடுறேன். வெளியில இருக்குற பாத்திக்கு நானே தண்ணி ஊத்துறேன்'னான். ஊத்தினான். ஊத்தலன்னு சொல்லக் கூடாது, தினம் விடியக்காலையில வந்து கொடம் கொடமா ஊத்தினான். ஆனா என்னைக் கேட்டா ஊத்தினான்? அவனா ஒரு வேலியைப் போட்டு அவனா தண்ணி ஊத்தினா, அது உதவியா தம்பி? அது அதிகாரம்.

அதையும் பொறுத்துக்கிட்டேன். இதெல்லாம் அவன் பண்ண தப்புன்னு நான் சொல்லவே இல்ல. தப்பு அப்புறம் நடந்தது.

என் மவ தையல்நாயகியைப் பொண்ணு பாக்க சீர்காழியிலிருந்து வந்தாங்க. மாப்பிள்ளை, தாய்மாமன், இன்னும் பொம்பளைங்க ரெண்டு மூணு பேரு. பலகாரம் தின்னாச்சு, காப்பி குடிச்சாச்சு. தாய்மாமன்காரன், 'உங்க ஊர்ல முதலை முட்டை வச்சிருக்காமே, பாக்கலாமா?'ன்னான். சரின்னு எல்லாரும் கெளம்பி ஆத்துக்குப் போனோம். அங்க இவன் நிக்கிறான், பச்சைச் சட்டையும் விசிலுமா. ஆளுங்களைக் கண்டுட்டான்ல, விடுவானா? முட்டைக்குள்ள இருந்து குஞ்சு கொரல் கொடுக்கும், அதைக் கேட்டுத் தாய் மண்ணைப் பறிக்கும், குஞ்சுகளைப் பல்லுப் படாம வாயில அள்ளித் தண்ணிக்குக் கொண்டு போகும். ஒரே பிரசங்கம். மாப்பிள்ளை பொண்ணை மறந்துட்டு இவன் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறான்.

தாய்மாமன் கேட்டான்: 'இது யாரு எடம்?'

நான் சொன்னேன்: 'நம்ம எடந்தான்.'

உத்திராபதி சிரிச்சான் தம்பி. சிரிச்சுக்கிட்டே சொன்னான்: 'அண்ணன் எப்பவும் தமாசு பேசுவாரு. ஆத்துக்கு யாரு பட்டா குடுக்குறா? இந்த மணல்ல அண்ணனுக்கு என்ன உரிமையோ, அதேதான் செல்லாச்சிக்கும்.'

எல்லாரும் சிரிச்சாங்க. மாப்பிள்ளை சிரிச்சான். பொம்பளைங்க முந்தானையை வாயில வச்சிக்கிட்டுச் சிரிச்சாங்க. நான் அவங்ககிட்ட ஆத்தோரம் சொந்த நெலம் இருக்குன்னு சொல்லி வச்சிருந்தேன். அப்பா காலத்துல இருந்து உழுறது சொந்தமில்லாம வேற என்ன? என்னையும் ஒரு முதலையையும் ஒரே தட்டுல வச்சு நிறுத்தினான், சம்பந்தம் பேச வந்தவங்க முன்னாடி. போனாங்க. சொல்லி அனுப்புறோம்னு போனாங்க. ஒரு சொல்லும் வரல.

இப்பச் சொல்லுங்க. முதல்ல தப்புப் பண்ணது யாரு?

நான் சண்டைக்குப் போகல. கையை ஓங்கல. சாயங்காலம் அவன் வீட்டு வாசல்ல போயி நின்னேன். 'உத்திராபதி, நீ பேசினது தப்பு. தப்புதாண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, போயிடுறேன்'னேன். அவன் முழிக்கிறான். 'என்னண்ணே பேசினேன்?'ங்கிறான். தெரியலையாம்! அவன் பொண்டாட்டி கனகம், 'உள்ள வாங்க மாமா, சோறு தின்னுட்டுப் போங்க'ங்குறா. சோத்துக்கா போனேன்?

அதுக்கப்புறம் பங்குனியில மாரியம்மனுக்குக் கஞ்சி ஊத்துற அன்னிக்கு, ஊரே கோயில்ல கிடந்தப்ப, யாரோ அந்த வேலிக்குள்ள பூந்து முட்டையை எடுத்து உத்திராபதி துறையில கொண்டு போயி வச்சிருக்காங்க. யாருன்னு என்னைக் கேக்காதீங்க. ஆனா எடுத்தவன் கெட்ட எண்ணத்துல எடுக்கல, அதை மட்டும் நான் எங்க வேணா சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். முட்டையை ஒடைக்கணும்னா அங்கேயே ஒடைச்சிருக்கலாமே? ஒரு கல்லு போதுமே? நாய்க்குப் போட்டிருக்கலாமே? அவன் நெனைச்சது வேற. வைகாசியில உத்திராபதி துறையில குஞ்சு கொரல் கொடுக்கணும். ரேஞ்சர் வரணும். உத்திராபதி எருமை எறங்குற எடத்துல, கனகம் துணி தொவைக்கிற எடத்துல வேலி விழணும். அப்ப எல்லாரையும் வச்சிக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேக்கணும்: 'தம்பி, இது உன் பட்டாவா?' அவ்வளவுதான். அவன் கொடுத்ததை அவனுக்குத் திருப்பிக் கொடுக்கணும். இது நியாயமா இல்லையா?

அதுவும் எவ்வளவு பக்குவமா எடுத்தது தெரியுமா? உச்சி வெயில்ல செல்லாச்சி எதிர்க்கரை ஆழத்துல கிடக்கும். மணலை முழங்கை அளவுக்குக் கையாலயே பறிச்சு, ஒவ்வொண்ணா. வாத்து முட்டையை விடப் பெருசு தம்பி, கையில எடுத்தா வெதுவெதுன்னு இருக்கும், காய்ச்சல் வந்த புள்ளை நெத்தி மாதிரி. கூடையில வைக்கோல் போட்டு, தண்ணியில அலசி மண்ணு போகக் கழுவி, ஒவ்வொண்ணையும் காதுகிட்ட வச்சுக் குலுக்கிப் பாத்துத்தான் வச்சேன். கூமுட்டைன்னா உள்ள தளக் தளக்குங்கும்ல? அடை வைக்கிறவங்க யாரும் குலுக்கிப் பாக்காம வைக்க மாட்டாங்க. கோழிக்குக்கூட நான் அவ்வளவு பாத்து அடை வச்சதில்ல. அங்க குழி பறிச்சு, அழகா உருட்டி உருட்டி அடுக்கி, இடி கிடி இடிச்சா முட்டை கெட்டுப் போகக் கூடாதுன்னு ஒரு துண்டு அடுப்புக் கரி, ரெண்டு மொளகா வத்தல், ஒரு இரும்பு, எல்லாம் முறைப்படி போட்டு மூடினேன்.

சரி, நான்தான். இப்ப என்ன? ஊருக்கே தெரியும், வாய் விட்டுச் சொல்றதில்ல, அவ்வளவுதான். எறங்கினா அவங்களே உங்களுக்குக் கண்ணைக் காட்டிச் சொல்லிடுவாங்க. அதான் நானே சொல்லிட்டேன். தப்புன்னா மறைப்பேன். தப்பில்லாததை எதுக்கு மறைக்கணும்?

ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டு வச்சேன். கூட்டை வெறுமையாக்கக் கூடாது, அது முறையில்ல. கோழிக்குக்கூட ஒரு முட்டையை விட்டு வச்சாத்தான் அது அதே கூட்டுக்கு வரும். இல்லன்னா எடம் மாறிடும், ஊரைக் கூட்டிடும். அடியில கிடந்த ஒண்ணைத் தொடாம அப்படியே மணலைத் தள்ளி மூடிட்டேன். செல்லாச்சிக்குச் சந்தேகமே வரல. சாயங்காலம் வந்து அந்த மணல் மேல தாடையை வச்சிக்கிட்டுப் படுத்துக்கிச்சு. சித்திரை முழுக்கப் படுத்துக் கிடந்துச்சு. கொதிக்கிற மணல் தம்பி அது, காலு வைக்க முடியாது.

இவனும் தினம் வந்தான். வேலிக்கு வெளியில குப்புறப் படுத்து மண்ணுல காதை வச்சுக் கேப்பான். எழுந்திரிச்சு என் பாத்திக்குத் தண்ணி ஊத்துவான். நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னா, தப்புதாண்ணேன்னு ஒரே ஒரு வார்த்தை, அன்னிக்கே நான் எடுத்த முட்டையைத் திரும்ப இங்கேயே கொண்டாந்து வச்சிருப்பேன். வாய்ப்புக் கொடுத்தேன் தம்பி. தினம் கொடுத்தேன். அவன் எடுத்துக்கல.

வைகாசி வந்துச்சு. ஒரு நாள் காலையில நான் பாத்தியில பழுத்த எலையைக் கிள்ளிக்கிட்டு இருக்கேன். படுத்து காது கொடுத்துக்கிட்டு இருந்தவன் துள்ளி எழுந்தான். 'அண்ணே! கூப்பிடுதுண்ணே! குஞ்சு கூப்பிடுதுண்ணே!' ஓடி வந்து என் கையைப் புடிச்சிக்கிட்டான். கண்ணுல தண்ணி. புள்ளை பொறந்தவன் மாதிரி என் கையைப் புடிச்சு ஆட்டுறான். சோத்துக் கையால.

அப்பவும் கேட்டேன். 'உத்திராபதி, எனக்கு ஒண்ணு சொல்லணுமேடா நீ?'ன்னேன். 'என்னண்ணே?'ங்கிறான். மறுபடியும் அதே முழி.

ஓடிப்போயி மறுபடி காதை வச்சான். முகம் மாறிடுச்சு. 'ஒத்தைக் கொரலா இருக்கே. நெறைய வரணுமே. ஒண்ணுதான் கத்துது, மத்ததெல்லாம் என்ன ஆச்சு? மூச்சு முட்டுதோ என்னமோ'ன்னு தவிக்கிறான். தவிச்சவன் வேலியைத் தாண்டி உள்ள குதிச்சிட்டான். உள்ள யாரும் போகக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் விசில் ஊதினவனே குதிச்சிட்டான். மண்டி போட்டு மணலைப் பறிக்கிறான். கொரல் அவனுக்கு மட்டுமா கேட்டுச்சு? ஆத்துல கெடந்தவளுக்கும் கேட்டிருக்கும்ல?

தண்ணி மேல ஒரு கோடு வந்துச்சு. நேரா வந்துச்சு. நான் பாத்தேன்.

ஏன் கத்தலன்னு கேக்காதீங்க. எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. அவனுக்குத் தெரியாத முதலையா அது? அவன் பேரு வச்ச முதலை. அதைப் பத்தி அவன் ஊருக்குப் பாடம் எடுத்தவன். அவனுக்கு நான் போயி, பொறம்போக்குல வெள்ளரி போடுறவன், சொல்லணுமா? விசிலு அவன் கழுத்துலதானே கிடந்துச்சு?

கை குழிக்குள்ள இருந்துச்சு. அது அந்தக் கையைத்தான் புடிச்சுது.

அப்பக் கத்தினேன். முதல்ல கத்தினது நான்தான், அதை யாரும் சொல்ல மாட்டாங்க. ஓடத்துல இருந்தவங்க துடுப்போட ஓடியாந்து அடிச்சாங்க. ஒரு சுழட்டு சுழட்டி கையை விட்டுச்சு. விட்டா கை கையா இல்ல. அத்தனை அடியும் முதுகுல விழுந்துக்கிட்டு இருக்கு, அது ஆத்துக்கு ஓடல தம்பி. திரும்பி அந்தக் குழியைப் பறிச்சு, அந்த ஒத்தைக் குஞ்சை வாயில எடுத்துக்கிட்டு, அப்புறந்தான் எறங்குச்சு.

கடலூர் பெரியாஸ்பத்திரியில தோளோட எடுத்துட்டாங்க. ஊர்ல எளவட்டமெல்லாம் வெடி வச்சு முதலையைக் கொல்லுறதுன்னு கெளம்பிட்டாங்க. ஆஸ்பத்திரியிலருந்து இவன் சொல்லி அனுப்புறான்: 'தப்பு என்னுது. வேலிக்குள்ள போனது நான். அதை ஒண்ணும் பண்ணிடாதீங்க.' கேட்டீங்களா? தப்பு என்னுதுன்னு சொல்லத் தெரியுது! வாயில வருது! முதலைகிட்ட சொல்றான். அண்ணங்கிட்ட சொல்ல வரல.

கொஞ்ச நாள்ல அவன் துறையில ஒரே நாத்தம். நாய் பறிச்சுப் போட்டிருக்கு. கனகம்தான் பாத்துட்டுக் கத்தினா. அத்தனை முட்டையும் அழுகிப் போச்சு. உள்ள பாதி உருவமா வாலும் காலுமா சுருண்டு கிடந்துச்சுங்க, பல்லிக் குட்டி மாதிரி. ரேஞ்சரோட ஒரு பொம்பள வந்திருந்துச்சு, படிச்ச பொண்ணு. அது சொல்லுது, முதலை முட்டையை வச்ச வாக்குலயே விடணுமாம், பொரட்டினா, குலுக்கினா உள்ளயே செத்துப் போயிடுமாம். கோழி கால்ல உருட்டி உருட்டித்தானே அடைகாக்குது? உருட்டினா சாகுற முட்டையைப் போட்டது யாரு தப்பு? எனக்கு முன்னாடியே யாராச்சும் சொன்னாங்களா? அவ்வளவு பிரசங்கம் பண்ணானே, இதை ஒரு நாள் சொன்னானா உத்திராபதி?

அந்தக் குழியில என் இரும்பும் கிடந்துச்சு. நெல்லறுக்குற கருக்கருவாளோட ஒடிஞ்ச மொனை, பங்காளிக்குத் தெரியாத இரும்பா? ஆஸ்பத்திரியிலருந்து வந்த மறுநாள் அவன் என் வீட்டுக்கு வந்தான். சட்டைக் கை ஒரு பக்கம் தொங்குது. எடது கையால அதை வாசப்படியில வச்சான். 'அண்ணே, உன் இரும்பு'ன்னான். திரும்பிப் போயிட்டான். போலீஸ்ல சொல்லல, ரேஞ்சர்கிட்ட சொல்லல. அதைத்தான் ஊரு பெருந்தன்மைங்குது. எனக்கு வேண்டியது இரும்பா தம்பி? நான் இரும்பா கேட்டேன்?

தையலு கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டா. அன்னிக்கோட சரி. சோறு போடுவா, தண்ணி வைப்பா, பேச மாட்டா. மத்த நேரம் உத்திராபதி வீட்டுல கிடக்குறா. எருமைக்குப் புல்லு அறுக்குறா, கனகத்துக்குக் கூடமாட ஒத்தாசை. ஒரே ஒரு நாள் வாயைத் தொறந்தா. என்ன சொன்னா தெரியுமா? 'சீர்காழிக்காரங்க வேணாம்னு சொல்லலப்பா. எனக்கு அந்த ஆளைப் புடிக்கல, நான்தான் கனகம் சித்திகிட்டச் சொல்லி வேணாம்னு சொல்ல வச்சேன்'ங்குறா. பாத்தீங்களா எப்படி மாத்திப் பேசச் சொல்லிக் கொடுத்திருக்கான்னு? பெத்த பொண்ணையே அவன் பக்கம் இழுத்துட்டான். இந்தக் கணக்கும் அவன் பேருலதான் நிக்குது.

செல்லாச்சி இன்னும் இருக்கு. அந்த ஒத்தைக் குஞ்சும் இப்ப இம்மாம் நீளம், தாய் முதுகுல ஏறிக்கிட்டு வெயில் காயும். நீங்க அதைத்தான் போட்டோ எடுக்கப் போறீங்க. எடுக்கும்போது நெனைச்சிக்கங்க, அது யாரு விட்டு வச்ச முட்டைன்னு. அதைச் சொல்லுவாங்களா? சொல்ல மாட்டாங்க.

இருங்க, இருங்க. வல்லம்படுகை ஸ்டாப்பு. ஏறுறான் பாருங்க. நான் சொல்லல? ஒத்தைக் கையால கம்பியைப் புடிச்சிக்கிட்டு, மூட்டையைப் பல்லுல கடிச்சிக்கிட்டு ஏறுறானே, அவன்தான். அந்தப் பச்சைச் சட்டையை இன்னும் விடல.

என்ன கண்டக்டரு? ஊனமுற்றவங்க சீட்டா இது? எழுதியிருக்கா? எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா. நான் வயசானவன். நீ டிக்கெட்டைக் கிழி.

நீங்க எதுக்குத் தம்பி எழுந்திரிக்கிறீங்க? உக்காருங்க. காலை மடக்க மாட்டேன், தாண்டிப் போக முடியாது, உக்காருங்க. இது உங்களுக்கும் அவனுக்கும் நடுவுல உள்ள வழக்கு இல்ல. வண்டி குலுங்கட்டும், அவன் நிக்கட்டும். என்னைப் பாக்குறான் பாருங்க, ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறான். கேக்கட்டுமே. 'அண்ணே, அன்னிக்கு நான் பேசினது தப்பு.' இவ்வளவுதான். சொன்னான்னா இந்த நிமிஷமே எழுந்து எடம் விடுறேன், மூட்டையையும் நானே மடியில வாங்கிக்கிறேன்.

கைதானே தம்பி போச்சு? வாய் இருக்குல்ல?